கிழக்கிலங்கையில் மாதிரி ஹெலிகொப்டர் தொடங்குவோருக்கு: எந்த ஹெலி, எந்த ரேடியோ, எங்கே பறக்கவிடுவது?

கல்முனை வாசகர் | 2024 பெப்ரவரி 3

சிறு வயதிலிருந்தே ஹெலிகொப்டர் மீது எனக்கு ஆசை. இப்போது வேலைக்குப் போகிறேன். மாதந்தோறும் கொஞ்சம் பணம் ஒதுக்க முடியும். கொழும்பில் இருக்கும் உறவினர் ஒருவர், பழைய 450 அளவு ஹெலி ஒன்று விலைக்கு இருப்பதாகச் சொல்கிறார். ரேடியோ, பற்றரி, சார்ஜர் எல்லாம் சேர்த்தே கிடைக்குமாம். அதை வாங்கிப் பழகலாமா, அல்லது விளையாட்டுச் சாமான் போன்ற சிறிய ஹெலியில் தொடங்க வேண்டுமா? இந்தப் பக்கத்தில் கற்றுத்தர எவரும் இல்லை. ட்ரோன் பறக்கவிடத் தெரிந்த நண்பர்கள், ஹெலியும் அப்படித்தான், இரண்டு நாளில் கைவந்துவிடும் என்கிறார்கள்.

படுவான்கரையான் | 2024 பெப்ரவரி 4

450ஐ முதல் ஹெலியாக வாங்க வேண்டாம் தம்பி. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்; காரணம் தெரியாத அறிவுரை, விற்பவர் விலையைக் குறைத்த உடனே மறந்துபோகும்.

450 என்னும் அளவில் ஒரு பிளேட்டின், அதாவது மேலே சுழலும் இறக்கையின், நீளம் 325 மில்லிமீற்றர். இரண்டு பிளேட்டும் நடுவில் உள்ள தலையும் சேர, ரோட்டரின் விட்டம் 70 சென்ரிமீற்றருக்குச் சற்று மேலே வரும். அது நிமிடத்துக்கு 2500 தரம் சுற்றினால் பிளேட்டின் நுனி மணிக்கு 330 கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் போகிறது. 2013இல் நியூயோர்க்கில் ஓர் இளைஞர் தன்னுடைய ஹெலியின் ரோட்டர் தாக்கி உயிரிழந்தார். அது 450ஐ விடப் பெரிய ஹெலி, அவரும் பழகத் தொடங்கியவர் அல்லர். பக்கத்தில் நின்று கையைப் பிடித்துச் சொல்லித்தர ஆள் இல்லாத இடத்தில், இந்த அளவு ஹெலியைக் கொண்டு பழகத் தொடங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

ட்ரோன் ஓட்டும் நண்பர்கள் சொல்வது அவர்களுடைய கருவிக்குப் பொருந்தும். படம் பிடிக்கும் ட்ரோனில் குச்சியிலிருந்து கையை எடுத்தால், செய்மதிச் சமிக்ஞையையும் காற்றழுத்தமானியையும் வைத்துக்கொண்டு அது தானாகவே நின்ற இடத்தில் நிற்கிறது. ஹெலியின் கைரோ, அதாவது திரும்புவதையும் சாய்வதையும் உணரும் கருவி, வழக்கமான நிலையில், ஹெலி எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்பதை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. இடப்பக்கம் சாய்ந்தபடி கையை எடுத்தால் ஹெலி இடப்பக்கம் சாய்ந்தபடியே போய்க்கொண்டிருக்கும். நிமிர்த்துவது உங்கள் வேலை. வால் ரோட்டரின் தள்ளுவிசையால் உடல் பக்கவாட்டில் நகரப் பார்க்கும், அதற்கும் நீங்களே ஈடுகொடுக்க வேண்டும். ஒரே இடத்தில் ஹெலியை நிறுத்தி வைப்பது என்பது ஓயாமல் செய்யப்படும் சிறு சிறு திருத்தங்களின் தொடர்ச்சி. அது மூளைக்குத் தெரிந்தால் போதாது, விரலுக்குத் தெரிய வேண்டும். அதற்கு வாரங்கள் எடுக்கும், சிலருக்கு மாதங்கள் எடுக்கும்.

கிழக்கில் இருந்து தொடங்குபவர் முதலில் தன்னிடம் கேட்க வேண்டிய கேள்வி, விழுந்த ஹெலியை எதைக் கொண்டு திருத்துவேன் என்பதுதான். ஹெலி விழும், எல்லோருடையதும் விழும். கொழும்பிலோ சென்னையிலோ இருப்பவர் மாலையில் கடைக்குப் போய் உதிரிப்பாகம் வாங்கலாம். நமக்குப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து பொதி வர வேண்டும், அது சுங்கத்தைத் தாண்ட வேண்டும். ஒரு சிறிய இரும்புத் தண்டு வளைந்தால் ஒரு மாதம் ஹெலி அலுமாரிக்கு மேலே இருக்கும். ஆகவே பணத்தைச் செலவிட வேண்டிய ஒழுங்கு: முதலில் நல்ல ரேடியோ, அதனுடன் கணினியில் பறக்கப் பழகும் சிமுலேட்டர், பிறகு விழுந்தாலும் தாங்கும் சிறிய ஹெலி, ஹெலியுடன் சேர்த்தே உதிரிப்பாகங்கள்.

படுவான்கரையான் | 2024 பெப்ரவரி 4, அதே இரவு

ரேடியோ பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன், முக்கியமானது அதுதான். ஹெலி உடையும், மாறும், விற்றுப்போகும். ரேடியோ பல ஆண்டுகள் உங்கள் கையிலேயே இருக்கும்.

மோட் 2 வாங்குங்கள். இடக்கைக் குச்சி மேலும் கீழும் ஏற்ற இறக்கத்துக்கு, அதே குச்சி பக்கவாட்டில் வாலுக்கு. வலக்கைக் குச்சி முன்பின்னும் பக்கவாட்டுச் சாய்வுக்கும். ஏற்றக் குச்சி வலக்கையில் இருக்கும் மோட் 1 ஜப்பானில் வழக்கம். எதுவும் எதற்கும் குறைந்ததல்ல, ஆனால் விரல் ஒன்றில் பழகிய பின் மாறுவது மிகக் கடினம். இங்கே எதிர்காலத்தில் நீங்கள் சந்திக்கப்போகிறவர்கள், ட்ரோன்காரர்கள் உட்பட, பெரும்பாலும் மோட் 2 வைத்திருப்பார்கள். அவசரத்துக்கு ஒருவருடைய ரேடியோவை மற்றவர் வாங்கிப் பிடிக்கலாம்.

ஃபிளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 மலிவானது, ஆறு சனல் உள்ளது, அதாவது ஆறு கட்டளைகளைத் தனித்தனியே அனுப்பும், தொடங்குவதற்குக் கெட்டதல்ல. ஆனால் அது, ஹெலிக்குள் இருந்து சமிக்ஞையை வாங்கும் ரிசீவர்களில், தன்னுடைய மொழியில் பேசுபவற்றோடு மட்டுமே பேசும். கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்து வைத்து ரேடியோமாஸ்டர் பொக்ஸர் அல்லது டிஎக்ஸ்16எஸ் வாங்குவதையே நான் விரும்புவேன், அதுவும் பல நிறுவனங்களின் மொழிகளைப் பேசும் நான்கு-இன்-ஒன் மொடியூல் உள்ள வகையை. யூஎஸ்பி வயரில் கணினியோடு இணைத்தால் அதே ரேடியோ சிமுலேட்டருக்கும் குச்சியாகிவிடும். வேறு எந்தக் கருவியும் வேண்டியதில்லை.

ரேடியோ அனுப்பும் கருவி என்பதால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியைக் கேட்டுப் பொதி சுங்கத்தில் நிறுத்தப்படலாம். வரவழைக்கும் முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கல்முனை வாசகர் | 2024 பெப்ரவரி 9

சிமுலேட்டர் கணினி விளையாட்டுத்தானே? அதில் காசு போடுவது வீண் என்று தோன்றுகிறது. நேரே சிறிய ஹெலியில் இறங்கினால் என்ன?

படுவான்கரையான் | 2024 பெப்ரவரி 10

சிமுலேட்டரில் விழுந்தால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். வெளியே விழுந்தால் ஒரு மாதம். கணக்கு அவ்வளவுதான்.

நெக்ஸ்ட், ஹெலி-எக்ஸ், ரியல்ஃபிளைட் ஆகியவை ஹெலி ஓட்டுபவர்கள் பரவலாகப் பயன்படுத்துபவை. ஹெலி-எக்ஸின் இலவச முன்னோட்டப் பதிப்பிலேயே தொடங்கலாம். எதை எடுத்தாலும் அதைக் கொண்டு என்ன செய்கிறீர்கள் என்பதுதான் பொருள். திறந்த உடனே தலைகீழாகப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடுபவர்கள் எதையும் கற்பதில்லை. வால் உங்களை நோக்கி இருக்க, ஹெலியைக் கண்மட்டத்தில் ஒரே இடத்தில் நிறுத்துங்கள். அது சலிப்புத் தட்டும் அளவுக்கு வந்த பின், இடப்பக்கம் காட்டி நிறுத்துங்கள், பிறகு வலப்பக்கம். இரண்டில் ஒன்று நிச்சயமாக உங்களுக்கு மற்றதை விடக் கடினமாக இருக்கும். கடினமான பக்கத்துக்கே கூடுதல் நேரம் கொடுங்கள்.

கடைசியாக மூக்கு உங்களை நோக்கி. இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள், ஏனெனில் இடமும் வலமும் முன்னும் பின்னும் தலைமாறிவிடும். எனக்கு உதவியது ஒரே ஒரு விதி: மூக்கு உங்களைப் பார்க்கும்போது ஹெலி எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள், தாழ்கிற பக்கத்துக்கு முட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு. மனம் எதிர்ப்பக்கம் இழுக்கச் சொல்லும், கேட்க வேண்டாம். நாளுக்கு இருபது நிமிடம் போதும். ஒரே மூச்சில் மூன்று மணித்தியாலம் உட்காருவதைவிடத் தினமும் கொஞ்சம் என்பது விரலில் நன்றாகப் பதிகிறது.

அக்கரைப்பற்று வாசகர் | 2024 பெப்ரவரி 17

நான்கு சனல் சிறிய ஹெலிகள் இப்போது தாமே உயரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. சி127, ஈ129 போன்றவற்றைச் சொல்கிறேன். என் மகன் பத்து வயதில் வீட்டு மண்டபத்தில் ஓட்டுகிறான். ஏன் அதிலிருந்து தொடங்கக் கூடாது?

படுவான்கரையான் | 2024 பெப்ரவரி 18

வீட்டுக்குள் என்றால் தாராளமாகத் தொடங்கலாம். ஹெலி எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கண் பழகுவதற்கு அவை நல்லவை, உடைவதும் குறைவு, பிள்ளைகளின் கைக்கும் ஏற்றவை.

ஆனால் அவற்றின் பிளேட்டின் சாய்கோணம் மாறாது. ரோட்டரின் வேகத்தைக் கூட்டினால் ஏறும், குறைத்தால் இறங்கும். வேகம் மாற நேரம் எடுப்பதால் ஏற்றமும் இறக்கமும் தாமதித்தே வரும். ஆறு சனல் ஹெலியில் ரோட்டர் ஒரே வேகத்தில் சுற்ற, பிளேட்டுகளின் கோணம் மாறுகிறது. குச்சியை அசைத்த கணமே ஹெலி ஏறுகிறது அல்லது இறங்குகிறது. காற்று ஒருமுறை தூக்கிவிட்டால், கோணம் மாறாத ஹெலி கீழே வர மறுத்துக்கொண்டே காற்றோடு போகும். ஆறு சனல் ஹெலியைக் கோணத்தைக் குறைத்துக் கீழே அழுத்தலாம். காற்று ஓயாத நம் கரையோரத்தில் இந்த வேறுபாடு மிகப் பெரியது. நான்கு சனலில் நீண்ட காலம் தங்கிவிட்டால், உயரத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்ற பழக்கம் இடக்கைக்கு வந்துவிடுகிறது. அதை மறக்கவைப்பது புதிதாகக் கற்பதைவிடக் கடினம். ஆகவே மகனுக்கு இருக்கட்டும். கல்முனைத் தம்பிக்கு, சிமுலேட்டரில் ஒழுங்காக இருந்தால், அந்தப் படியைத் தாண்டி ஆறு சனலுக்கே போகலாம் என்பேன்.

படுவான்கரையான் | 2024 பெப்ரவரி 25

எந்த ஆறு சனல் என்று தனிமடலில் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பொதுவிலேயே எழுதுகிறேன்.

எக்ஸ்கே கே110 சின்னது, இலேசானது, ஒற்றைச் செல் பற்றரி. ஒரு பொத்தானைத் தள்ளினால் தானாக நிமிரும் நிலைக்குப் போகும். மறுபக்கம் தள்ளினால் முழுக் கட்டுப்பாடும் உங்கள் கையில். எடை குறைவு என்பதால் புல்லில் விழுந்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். அது ஃபுடாபாவின் எஸ்-எஃப்எச்எஸ்எஸ் மொழியைக் கேட்பதால், நான் முன்னே சொன்ன பல்மொழி மொடியூல் உள்ள ரேடியோவோடு நேரடியாக இணைந்துவிடும். ஹெலியை மட்டும் வாங்கினால் போதும். குறை, அதன் வால் மோட்டார். பிரதான மோட்டார் பிரஷ் (உரசி மின்சாரம் கொடுக்கும் துண்டு) இல்லாதது, வால் மோட்டார் பிரஷ் உள்ளது, தேய்ந்துகொண்டே வரும். வால் ஒரு பக்கம் நழுவத் தொடங்கினால் கைரோவைக் குறைசொல்லும் முன் வால் மோட்டாரை மாற்றிப் பாருங்கள். முதற் பொதியிலேயே இரண்டு வால் மோட்டார் சேர்த்து எடுங்கள்.

ஓஎம்பிஹொபியின் எம்2 அடுத்த படி. ரோட்டர் விட்டம் ஏறத்தாழ 400 மில்லிமீற்றர், மூன்று செல் பற்றரி. அதன் பிரதான மோட்டார் ரோட்டர்த் தண்டை நேரடியாகச் சுற்றுகிறது. வாலுக்குத் தனி மோட்டார், அதுவும் பிரஷ் இல்லாதது. பிரதான கியர் இல்லை, வாலுக்குப் போகும் பட்டி இல்லை. 450இல் ஒரு சாதாரண வீழ்ச்சியில் முதலில் பல் போவது பிரதான கியர்தான். இல்லாத பாகம் உடையாது, அதற்காகப் பொதி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நம் சூழலுக்கு இதையே இந்த ஹெலியின் பெரிய சிறப்பாக நான் கருதுகிறேன். பறக்கும் தரம் அதற்குப் பிறகுதான்.

முன்னே சிறிய ஹெலி என்று மட்டும் எழுதியிருந்தேன். கல்முனைத் தம்பி கடற்கரைப் பக்கம் இருப்பதை யோசித்தால், கே110 காலையில் காற்று எழும் முன் மட்டுமே அவருக்குப் பயன்படும். பணம் இடங்கொடுத்தால் சிமுலேட்டரில் கூடுதல் காலம் இருந்துவிட்டு எம்2வுக்கே போவது அவருக்கு நல்லது. கடற்கரையை விட்டு உள்ளே, காற்று மறைப்புள்ள வளவு இருப்பவருக்குக் கே110.

படுவான்கரையான் | 2024 மார்ச் 10

எங்கே பறக்கவிடுவது என்பது பற்றி.

மட்டக்களப்பு விமான நிலையம் நகரத்தை ஒட்டியே, புதூர் - திமிலைதீவுப் பக்கத்தில் இருக்கிறது. விமானப்படையும் அங்கே இருக்கிறது. ஆகவே நகரத்து மைதானங்களை மறந்துவிடுங்கள். ஆளில்லாமல் பறக்கும் கருவிகளை இலங்கையில் ஒழுங்குபடுத்துவது சிவில் விமான சேவைகள் அதிகாரசபை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் சில நாட்களுக்குள் அது ட்ரோன்கள் பறப்பதை நாடு முழுவதும் தடைசெய்தது. அந்தக் குண்டுகளில் ஒன்று வெடித்தது நம் நகரத் தேவாலயத்தில். ஆகாயத்தில் இரைச்சலோடு ஏதாவது சுற்றினால் நம் மக்கள் திரும்பிப் பார்ப்பதும் பயப்படுவதும் நியாயமானவை. அவற்றை மதித்து நடக்க வேண்டியது நாம்தான். உங்கள் ஹெலியின் எடையைக் குறிப்பிட்டு, என்ன அனுமதி தேவை என்று அதிகாரசபையிடம் எழுத்தில் கேளுங்கள். பதிலை அச்செடுத்து ஹெலிப் பெட்டியிலேயே வையுங்கள். காணிக்காரரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கமரா பூட்டவே வேண்டாம். கமரா இல்லாத ஹெலியைக் காட்டி விளக்குவது மிக எளிது.

நான் விரும்பும் இடம் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், பெரும்போக அறுவடை முடிந்த வயல். மார்ச்சில் மண் இறுகியிருக்கும், வைக்கோல் தாள் விழும் ஹெலியைக் கொஞ்சம் தாங்கும், நாலு பக்கமும் வெளி. ஒரு பழைய சாக்கையோ ரப்பர் விரிப்பையோ கொண்டுபோய் அதன்மேல் இறக்கி ஏற்றுங்கள். இல்லாவிட்டால் தாள் வால் ரோட்டரில் சிக்கும். மாடு மேய்க்கும் பிள்ளைகள் ஓடி வருவார்கள். முதலில் ஹெலியை அணைத்துக் காட்டி, எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு கோடு கீறிவிட்டுத் தொடங்குங்கள். பொழுதுபட முன் திரும்பிவிடுங்கள். உட்பக்க ஊர்களில் யானை நடமாட்டம் உண்டு என்பது உங்களுக்கே தெரியும்.

கடற்கரை மணலில் இறக்க வேண்டாம். நம் கரையோரத்தில், திருக்கோவில் போன்ற இடங்களில் இன்னும் கூடுதலாக, கருமணல் இருக்கிறது. மோட்டாரின் காந்தம் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கடற்கரையில் விழுந்த ஒரு ஹெலியின் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தேன்: காந்தங்களின் விளிம்பு முழுக்க மயிர் முளைத்ததுபோலக் கறுப்பாக நின்றது. துடைத்தால் போகவில்லை, ஊதினால் போகவில்லை. ஒட்டும் டேப்பை அழுத்தி அழுத்தி உரித்துத்தான் எடுக்க முடிந்தது. காந்தத்துக்கும் செப்புச் சுருளுக்கும் இடையில் உள்ள இடைவெளி மிகக் குறுகியது. ஒரு மணல் உள்ளே போனாலே சுருளின் மேற்பூச்சைச் சுரண்டிவிடும். உப்புக் காற்று பெயாரிங்குகளைத் துருப்பிடிக்கவைப்பது தனிக் கதை.

அக்கரைப்பற்று வாசகர் | 2024 மார்ச் 11

கருமணல் பற்றிச் சொன்னது உண்மை. மகனுடைய விளையாட்டுக் காரின் மோட்டாரும் அப்படித்தான் போனது.

படுவான்கரையான் | 2024 ஏப்ரல் 20

வெயில் ஏறுகிறது. பற்றரி பற்றி எழுத இதுவே நேரம்.

லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரியின் ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட், பெயரளவில் 3.7. மூன்று செல் என்றால் நிறைந்த நிலையில் 12.6. ஓய்வில் ஒரு செல் 3.7க்குக் கீழே போகும் முன் இறக்கிவிடுங்கள். 3க்குக் கீழே போன செல் பிறகு நம்பத்தக்கதல்ல. பறந்து முடிந்ததும் நிறைத்து வைக்கும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது, கைபேசியைப் போல. லிப்போவுக்கு அது கேடு. அடுத்த நாள் பறக்கப் போவதில்லை என்றால் ஒரு செல்லுக்கு 3.8 அளவில் வையுங்கள். நல்ல சார்ஜர்களில் அதற்கென்றே ஒரு தெரிவு இருக்கிறது. கச்சான் என்னும் வெப்பமான தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே, நிறைந்த நிலையில் வைத்த பற்றரி ஊதிப்போகும்.

சார்ஜ் செய்யும்போது கொள்ளளவுக்குச் சமமான மின்னோட்டத்தைத் தாண்ட வேண்டாம்: 2200 மில்லி அம்பியர்-மணி என்றால் 2.2 அம்பியர். அடியில் மணல் பரப்பிய மண்சட்டிக்குள் வைத்து, படுக்கையறைக்கு வெளியே, நீங்கள் விழித்திருக்கும்போது மட்டும். வயலில் மோட்டார் வாகனத்தின் 12 வோல்ட் பற்றரியிலிருந்தே சார்ஜ் செய்யலாம். ஹெலிக்காரர்கள் வாங்கும் சார்ஜர்கள் தாமே மின்னழுத்தத்தை உயர்த்திக்கொள்ளும். பறந்து இறங்கிய சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள், ஆறட்டும்.

உதிரிப்பாகங்களை விடப் பற்றரி வருவதுதான் இழுபறி. 2016 ஏப்ரல் முதல் லித்தியம் அயன் பற்றரிகளைத் தனிச் சரக்காகப் பயணிகள் விமானங்களில் ஏற்ற முடியாது. லிப்போவும் அதில் அடங்கும். ஆகவே உள்நாட்டில் இருப்பு வைத்திருப்பவரைக் கண்டால், ஹெலியைத் தெரிவுசெய்யும்போதே அவரிடம் எந்தப் பற்றரி தொடர்ந்து கிடைக்கும் என்று கேட்டு, அந்தப் பற்றரியில் ஓடும் ஹெலியை எடுப்பது புத்திசாலித்தனம்.

கல்முனை வாசகர் | 2024 மே 26

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சிமுலேட்டரில் மூன்று மாதம் இருந்தேன். மூக்கு என்னை நோக்கியிருக்கவும் நிறுத்த முடிகிறது. ஆனால் உறவினர் 450ஐ மிகக் குறைந்த விலைக்குத் தந்துவிட்டதால் வாங்கிவிட்டேன். தலைக்கு மேலே குறுக்காக ஒரு கம்பியும் அதன் இரு முனையிலும் தட்டையான துண்டுகளும் உள்ளன. இன்னும் ஓட்டவில்லை.

படுவான்கரையான் | 2024 மே 26

ஓட்டாமல் எழுதியதற்கு நன்றி. மூன்று மாதம் சிமுலேட்டரில் இருந்தீர்கள் என்றால் பேச்சு வேறு. பெப்ரவரியில் சொன்னதை இப்போது அப்படியே சொல்லமாட்டேன்.

அந்தக் கம்பிதான் ஃபிளைபார். ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் 1970 வாக்கில் ரேடியோவால் ஓட்டத்தக்க ஹெலியை நடைமுறைக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்து, ரோட்டரை நிலைப்படுத்தியது இந்த மாதிரிக் கம்பிதான். 2010களில் மின்னணுக் கைரோக்கள் அதன் இடத்தை எடுத்துக்கொண்டன. பழையது என்பதால் கெட்டதல்ல. நிறுத்திப் பறக்கும்போது அமைதியாகவே இருக்கும். பாகங்கள் கூடுதல், அவ்வளவுதான். 450க்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு: அலைன் நிறுவனத்தின் டி-ரெக்ஸ் 450ஐப் பின்பற்றிப் பலர் செய்ததால், பல பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும்.

இப்போது செய்ய வேண்டியது இது. மோட்டாரின் மூன்று வயர்களையும் கழற்றிவிடுங்கள். இந்த வேலை முடியும்வரை அவை கழன்றே இருக்க வேண்டும். பிறகு ஹெலியை முழுவதுமாகக் கழற்றுங்கள். பழைய உரிமையாளர் என்ன செய்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. உலோகத்துக்குள் போகும் ஒவ்வொரு திருகாணிக்கும் நீலநிறத் திருகுப் பசை ஒரு சொட்டு. பிளாஸ்டிக்கில் போகும் திருகாணிகளுக்கு அது வேண்டாம், பிளாஸ்டிக்கை வெடிக்கவைக்கும். இணைப்புக் கம்பிகளின் முனையில் உள்ள லிங்குகள் பந்தின்மேல் இறுக்கமின்றி, ஆனால் ஆட்டமுமின்றிச் சுழல வேண்டும்; தொளதொளத்தால் மாற்றுங்கள். பிளேட் கோணத்தை அளவியால் பாருங்கள்: குச்சி நடுவில் இருக்கும்போது இரண்டும் பூச்சியம். நிறுத்திப் பறக்க ஐந்து ஆறு பாகை போதும்.

வால் கைரோ எந்தப் பக்கம் திருத்துகிறது என்பதை எக்காரணம் கொண்டும் பார்க்காமல் விடாதீர்கள். ரேடியோவில் குச்சியை வலப்பக்கம் தள்ளும்போது வால் பிளேட் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். பின் குச்சியை விட்டு, ஹெலியின் மூக்கைக் கையால் சட்டென்று இடப்பக்கம் திருப்புங்கள். வால் பிளேட் முன்னர் பார்த்த அதே பக்கம் சாய வேண்டும். எதிராகச் சாய்ந்தால் கைரோவின் திசைப் பொத்தானை மாற்றுங்கள். மாற்றாமல் எழுப்பினால் ஹெலி சுழன்று சுழன்று உங்களை நோக்கியே வரும்.

கால்களுக்குக் குறுக்கே பட்டம் கட்டும் மூங்கில் சிம்பு இரண்டைக் கட்டி, நுனிகளில் மேசைப் பந்துகளைச் செருகுங்கள். முதல் வாரங்களில் கவிழாமல் காக்கும். ரேடியோவில், மோட்டாரை நிறுத்திவைக்கும் த்ரொட்டில் ஹோல்ட் பொத்தானை விரல் எட்டும் இடத்தில் வையுங்கள். ஹெலிக்கு அருகே போகும்போதெல்லாம் ஹோல்ட் போட்டே இருக்க வேண்டும். விழப்போகிறது என்று தெரிந்தால், காப்பாற்றப் போராடாமல் முதலில் அதை அடியுங்கள். மின்சாரம் நின்ற ரோட்டர் மண்ணில் பட்டால் பிளேட்டோடு போகும். ஓடிக்கொண்டிருக்கும் ரோட்டர் பட்டால் பிளேட், தண்டு, கியர், வால்குழாய் எல்லாம் போகும்.

கல்முனை வாசகர் | 2024 ஜூன் 30

எழுப்பினேன், நிறுத்தினேன், நாலாம் நாள் காற்றில் கவிழ்ந்தது. ஹோல்ட் அடித்ததால் பிளேட் இரண்டும் ஸ்பின்டிலும் மட்டுமே போயின. பிளேட் இருக்கிறது. ஸ்பின்டில் வர ஒரு மாதம் ஆகுமாம். இங்குள்ள லேத் கடையில் அதே அளவில் கடைந்து தருகிறேன் என்கிறார்கள். நன்றாக வேலை தெரிந்தவர்.

படுவான்கரையான் | 2024 ஜூன் 30

வேண்டாம்.

கடைபவரின் கைத்திறனில் எனக்குச் சந்தேகம் இல்லை, இரும்பில்தான் சந்தேகம். ஸ்பின்டில் என்பது இரண்டு பிளேட் பிடிகளையும் ஊடுருவித் தாங்கும் தண்டு. 30 கிராம் எடையுள்ள ஒரு பிளேட், நிமிடத்துக்கு 2500 தரம் சுற்றும்போது, அதன் எடைமையம் நடுவிலிருந்து 20 சென்ரிமீற்றர் தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், தண்டை வெளியே இழுக்கும் விசை 40 கிலோ எடைக்குச் சமம். ஒரு சீமெந்து மூட்டைக்குச் சற்றுக் குறைவான பாரம், இரு பக்கமும், நான்கு மில்லிமீற்றர் அளவான தண்டில், அதன் முனையில் உள்ள சின்னஞ்சிறு திருகாணியில். நிறுவனம் தருவது கடினப்படுத்திய உருக்கு. கடையில் கிடைக்கும் சாதாரணக் கம்பி அளவில் ஒன்றாக இருக்கும், ஆனால் திருகு மரை இளகும் அல்லது தண்டு களைத்து முறியும். முறிந்தால் பிளேட் பிடியோடு போகும், எந்தத் திசையில் என்று சொல்ல முடியாது. கால் பூட்டும் இடைத்தண்டு, மூடி தாங்கும் கம்பி, பற்றரித் தட்டு ஆகியவற்றை லேத் கடையில் தாராளமாகச் செய்வியுங்கள். ரோட்டரோடு சேர்ந்து சுற்றும் எதையும் செய்விக்க வேண்டாம்.

காத்திருக்கும் மாதத்தை வீணாக்காதீர்கள். எப்படியும் கச்சான் அடிக்கிறது. பத்து மணிக்குப் பின் பறக்கவிட முடியாது. சிமுலேட்டரில் காற்றைக் கூட்டிவைத்துப் பழகுங்கள், வழக்கமான ஆறு ஏழு மீற்றருக்குப் பதிலாகக் கூடுதல் தூரத்தில் நிறுத்திப் பாருங்கள்.

படுவான்கரையான் | 2024 ஜூலை 2

ஒன்று விட்டுப்போனது. ஸ்பின்டில் வளையும் அளவு அடி விழுந்தால் பிரதான தண்டும் வளைந்திருக்கக்கூடும், கண்ணுக்குத் தெரியாது. அதைக் கழற்றி, மேசைமேல் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, மெதுவாக உருட்டுங்கள். வெளிச்சத்தை எதிர்ப்பக்கம் வைத்துக் கண்ணாடிக்கும் தண்டுக்கும் இடையே பாருங்கள். உருளும்போது வெளிச்சக் கீற்று கூடிக் குறைந்தால் தண்டு வளைந்துவிட்டது, அதையும் அதே பொதியில் எழுதுங்கள். பொதியில் இரண்டு ஸ்பின்டில், ஒரு பிரதான தண்டு, ஒரு பிரதான கியர், ஒரு தொகுதி லிங்க். புதிதாக வரும் ஸ்பின்டிலையும் பூட்டும் முன் அதே கண்ணாடியில் உருட்டிப் பார்த்துவிடுங்கள்.